விலங்குகளின் எண்ணிக்கைக்குக் கடிவாளம் எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முயல் ஆண்டுக்குப் பல முறை குட்டி போடுகிறது. தவளை ஒரே மழையில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. ஆனாலும் பூமி முயலாலும் தவளையாலும் நிரம்பி வழியவில்லை. ஏன் என்று கேட்டால், "அதற்குத்தான் புலியும் பாம்பும் இருக்கின்றனவே" என்ற பதில் சட்டென்று வரும். அது பாதி உண்மை. சில இடங்களில் பாதிகூட இல்லை. இந்த விஷயத்தில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

தடையே இல்லாவிட்டால் ஒரு விலங்கினம் எவ்வளவு பெருகும்?

மிக மெதுவாகப் பெருகும் யானையை வைத்தே சார்லஸ் டார்வின் இந்தக் கணக்கைப் போட்டார். ஒரு பிடி (பெண் யானை) 30 வயதில் தொடங்கி 90 வயதுக்குள் ஆறே கன்றுகள் ஈன்று, அவையும் அப்படியே பெருகினால், 740 முதல் 750 ஆண்டுகளில் அந்த ஒரு ஜோடியின் வழியில் ஏறக்குறைய 1.9 கோடி யானைகள் உயிரோடு நிற்கும். யானைக்கே இப்படியென்றால் எலியின் கணக்கைச் சொல்லவே வேண்டாம்.

ஓர் இனத்தின் எண்ணிக்கை நெடுங்காலம் ஏறாமலும் இறங்காமலும் இருந்தால், ஒரு ஜோடி வாழ்நாள் முழுக்கப் பெற்றதில் சராசரியாக இரண்டு மட்டுமே வளர்ந்து ஆளாகின்றன என்று பொருள். ஒரு பெரிய காட் மீன் ஒரே பருவத்தில் பல லட்சம் முட்டைகள் இடும். அத்தனையிலும் தேறுவது இரண்டு. ஆகவே கட்டுப்பாடு என்று நாம் பேசுவது பெரும்பாலும் முட்டை, குஞ்சு, குட்டிகளின் சாவைத்தான். வளர்ந்த மானைப் புலி அடிப்பது நம் கண்ணில் படுகிறது. புல்லுக்குள் கிடந்த மூன்று நாள் குட்டி செத்துப்போனது யாருக்கும் தெரிவதில்லை. கணக்கைத் தீர்மானிப்பது பல நேரம் இந்தக் குட்டிதான்.

எண்ணிக்கையைக் குறைப்பதெல்லாம் கட்டுப்பாடு ஆகிவிடுமா?

ஆகாது. இந்த வேறுபாடு பிடிபட்டால் மீதியெல்லாம் எளிது.

ஆற்று வெள்ளம் வருகிறது. கரையில் நூறு மான் இருந்தாலும் ஆயிரம் இருந்தாலும் பத்தில் மூன்றை அடித்துக்கொண்டு போகிறது. எண்ணிக்கை குறைந்தது உண்மை. ஆனால் மான்கள் நெருக்கியடித்து நின்றனவா, பரந்து நின்றனவா என்பது வெள்ளத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. பட்டினி அப்படியல்ல. நூறு மான் மேயும் நிலத்தில் ஒன்றும் சாகாது. அதே நிலத்தில் ஆயிரம் மேய்ந்தால் பாதி செத்துப்போகலாம். நெரிசல் கூடக் கூடச் சாவு விகிதம் ஏறவேண்டும், அல்லது பிறப்பு விகிதம் இறங்கவேண்டும். கூட்டம் மெலிந்தால் பிடி தளரவும் வேண்டும். அப்படி நடந்தால்தான் அது கடிவாளம். சூழலியலில் இதை அடர்த்தி சார்ந்த கட்டுப்பாடு என்பார்கள்.

உணவா, ஊனுண்ணியா, நோயா, இடநெருக்கடியா என்று ஒவ்வொன்றாக வாதிடுவதற்கு முன்னால் கேட்கவேண்டியது இதுதான்: கூட்டம் பெருகினால் இதன் பிடி இறுகுகிறதா?

ஊனுண்ணியே இல்லாத இடத்தில் என்ன நடக்கும்?

பெரிங் கடலில் செயின்ட் மேத்யூ என்று ஒரு தீவு இருக்கிறது. பரப்பு 330 சதுர கிலோமீட்டர் அளவு. இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ஒரு வானொலி நிலையம் நடத்திய அமெரிக்கக் கடலோரக் காவல் படை, அவசர உணவுக்காக 1944-இல் 29 பனிமான்களைக் கொண்டுவந்து இறக்கியது. போர் முடிந்ததும் ஆட்கள் போய்விட்டார்கள், மான்கள் தங்கிவிட்டன. ஓநாய் இல்லை, கரடித் தொல்லை இல்லை. தரையெங்கும் பத்து சென்டிமீட்டர் தடிப்புக்கு, பாசிபோல் படரும் லைக்கன் மெத்தை. குளிர்காலத்தில் பனிமானுக்கு உயிர்நாடியே அந்த லைக்கன்தான்.

டேவிட் கிளைன் என்ற உயிரியலாளர் 1957-இல் போய் எண்ணியபோது 1,350 மான்கள். கொழுகொழுவென்று இருந்தன. 1963-இல் 6,000. ஆனால் இந்த முறை உடல் மெலிந்திருந்தது. வளர்ந்த பெண்மான்களின் சராசரி எடை ஆறே ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. பெண்மான்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் கன்றுகளும் குறைவு. லைக்கன் பல இடங்களில் மிதிபட்டுத் தேய்ந்துபோயிருந்தது. அந்த ஆண்டுக் குளிர்காலம் மிகக் கடுமையாக வந்தது. 1966-இல் அவர் மறுபடி போனபோது தீவெங்கும் வெளுத்த எலும்புக்கூடுகள். உயிரோடு 42 மட்டும். அவற்றில் 41 பெண். இருந்த ஒரே ஆணுக்குக் கொம்பு கோணலாக இருந்தது. இனப்பெருக்கத்துக்கு அது லாயக்கில்லை என்றே பட்டது. கன்று ஒன்றுகூட இல்லை. 1980-களில் அந்தக் கடைசி மான்களும் போய்ச் சேர்ந்தன.

இதில் கவனிக்க வேண்டியது லைக்கனின் வேகம். தின்ற லைக்கன் மறுபடி தழைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். மானோ சில ஆண்டுகளிலேயே இரட்டிப்பாகிவிடும். உணவு மெதுவாகவும் தின்பவை வேகமாகவும் வளரும் இடத்தில் கடிவாளம் காலம் கடந்துதான் இழுபடும். அதற்குள் மந்தை தாங்கும் அளவைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும்.

அப்படியானால் உணவுக் கட்டுப்பாடு என்பது எப்போதும் பட்டினிச் சாவுதானா?

இல்லை. பெரும்பாலும் அதற்கு முன்பே பிறப்பு குறைந்துவிடும். ஆப்பிரிக்காவில் யானைகள் நெருக்கிப் பிழைத்த இடங்களில் பிடிகள் முதல் கன்று ஈனும் வயது தள்ளிப்போனதையும், ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடைவெளி நீண்டதையும் பதிவு செய்திருக்கிறார்கள். உடலில் கொழுப்பு போதாவிட்டால் பல பாலூட்டிகள் பருவத்துக்கே வருவதில்லை, அல்லது கரு தங்குவதில்லை. பிணம் விழாமலேயே எண்ணிக்கை இறங்கும்.

புலி, ஓநாய், சிங்கம் கட்டுப்படுத்தவில்லையா?

சில இனங்களைக் கட்டுப்படுத்துகின்றன, சிலவற்றை இல்லை. பெரிய அளவுக்கு இது இரையின் உடல் அளவைப் பொறுத்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் பல பத்தாண்டுக் குறிப்புகளைத் தொகுத்து அந்தோனி சின்க்ளேரும் அவரது குழுவினரும் 2003-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 150 கிலோவுக்குக் கீழே உள்ள தாவர உண்ணிகள் பெரும்பாலும் எதாவது ஒரு விலங்கின் வாயில்தான் போய்ச் சேருகின்றன. சின்ன மானை சிங்கம், சிறுத்தை, கழுதைப்புலி, நரி என்று ஆளாளுக்குப் பிடிக்கலாம். ஒட்டகச்சிவிங்கியை அடிக்கச் சிங்கத்துக்கே பாடு. வளர்ந்த யானையையும் காண்டாமிருகத்தையும் நீர்யானையையும் எதுவும் சீண்டுவதில்லை. அவற்றுக்கு எல்லை போடுவது தீவனம்தான். 1980-களில் செரங்கெட்டியின் வடபகுதியில் திருட்டு வேட்டையாலும் விஷத்தாலும் ஊனுண்ணிகள் அழிந்தபோது இம்பாலா, டோப்பி, ஒரிபி போன்ற சிறிய இனங்கள் பெருகின. ஊனுண்ணிகள் திரும்பியதும் அவை குறைந்தன. ஒட்டகச்சிவிங்கியின் எண்ணிக்கை இரண்டுக்கும் அசையவில்லை.

வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் வகை வேறு வழியில் தப்பிக்கிறது. புல்லைத் தேடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்துகொண்டே இருக்கும் அந்த லட்சக்கணக்கான மந்தையை, குட்டிகளைக் குகையில் விட்டுவிட்டுச் சிங்கம் பின்தொடர முடியாது. மந்தை போனபின் மீந்திருக்கும் இரையை நம்பித்தான் சிங்கம் வாழவேண்டும். எனவே சிங்கங்களின் எண்ணிக்கை அந்த மெலிந்த மாதங்களுக்கு ஏற்றபடிதான் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. கொன்று தின்றது என்பதாலேயே எண்ணிக்கையைக் குறைத்தது என்று ஆகிவிடாது. அமெரிக்காவின் அயோவா சதுப்புகளில் மஸ்க்ராட் எனும் நீரெலிகளைப் பல ஆண்டுகள் கவனித்த பால் எரிங்டன், மிங்க் என்ற கீரி போன்ற ஊனுண்ணி பிடித்துத் தின்றவற்றில் பெரும்பாலானவை இடம் கிடைக்காமல் விரட்டப்பட்டவை, காயம்பட்டவை, வறட்சியில் வெளியே தள்ளப்பட்டவை என்று கண்டார். மிங்க் இல்லாவிட்டாலும் அவை அந்தக் குளிர்காலத்தைத் தாண்டியிருக்காது. சாகப்போவதைத் தின்பதும், பிழைத்திருக்கக்கூடியதைக் கொல்வதும் கணக்கில் வேறுவேறு. ஆவணப்படங்கள் இந்த வேறுபாட்டைக் காட்டுவதே இல்லை.

ஓநாயும் மானும் மட்டும் இருந்தால் சமநிலை வந்துவிடுமா?

வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் உள்ள ஐல் ராயல் தீவு இதற்கென்றே செய்துவைத்தாற்போல் ஓர் இடம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூஸ் மான்கள் அங்கே வந்தன. 1940-களின் இறுதியில் உறைந்த ஏரியின் மேல் நடந்து ஓநாய்கள் வந்தன. 1958 முதல் இன்றுவரை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் இரண்டும் ஏறி இறங்கி ஓர் ஒழுங்குக்கு வந்துவிடும் என்றுதான் எதிர்பார்த்தார்கள்.

நடந்தது வேறு. 1980-இல் 50 ஓநாய்கள். நாய்களிடமிருந்து பரவிய பார்வோ வைரஸ் புகுந்து இரண்டே ஆண்டுகளில் 14 ஆகிவிட்டன. ஓநாய் குறைய மூஸ் பெருகி 1995-இல் ஏறக்குறைய 2,400-ஐத் தொட்டது. அடுத்த குளிர்காலம் கடுமை, உண்ணித் தொல்லை, தீவனப் பஞ்சம். 1997-இல் 500 அளவில் வந்து நின்றது. ஓநாய்களோ தங்களுக்குள்ளேயே இணைந்து இணைந்து நலிந்து 2016-இல் இரண்டே மிச்சம். அவையும் தகப்பனும் மகளும். 2018-இல் தொடங்கி வெளியிலிருந்து ஓநாய்களைக் கொண்டுவந்து விடவேண்டியதாயிற்று. வைரஸ், பனி, உண்ணி, மரபுக் குறைபாடு என்று கதையில் இல்லாத பாத்திரங்கள்தான் அந்தத் தீவின் வரலாற்றை எழுதியிருக்கின்றன. 60 ஆண்டுக்கு மேல் எண்ணியும் அடுத்த ஐந்தாண்டை அங்கே யாரும் அடித்துச் சொல்வதில்லை.

முயலும் லின்க்ஸும் பத்தாண்டுக்கு ஒரு முறை ஏறி இறங்குவது ஏன்?

ஹட்சன் பே நிறுவனத்தின் தோல் வணிகக் கணக்கேடுகளில் கனடா லின்க்ஸ் பூனையின் எண்ணிக்கை ஒழுங்காக மேலும் கீழும் போயிருப்பதை 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கவனித்தார்கள். பனிமுயல் பெருகும், ஓரிரு ஆண்டு பின்தங்கி லின்க்ஸ் பெருகும், முயல் சரியும், லின்க்ஸ் சரியும். ஒரு சுற்றுக்கு எட்டு முதல் பதினோரு ஆண்டு.

தீவனம் தீர்ந்ததால் முயல் சரிகிறதா, லின்க்ஸ் தின்பதால் சரிகிறதா? கனடாவில் யூகான் பகுதியின் க்ளுவேனில் 1986 முதல் பத்தாண்டு நடந்த பரிசோதனை இதை நேரடியாகச் சோதித்தது. ஒரு சதுர கிலோமீட்டர் காட்டுத் துண்டுகள். சிலவற்றைச் சுற்றி முயல் புகுந்து போகலாம், லின்க்ஸும் கொயோட்டி என்ற காட்டு நாயும் புக முடியாது என்ற மாதிரி மின்வேலி. சிலவற்றில் கூடுதல் தீவனம். ஒன்றில் இரண்டும். மற்றவை சும்மா விடப்பட்டன. வேலி மட்டும் போட்ட இடத்தில் முயல்கள் சாதாரண இடத்தைப்போல் இரு மடங்கு, தீவனம் மட்டும் போட்ட இடத்தில் மூன்று மடங்கு. இரண்டும் சேர்ந்த இடத்தில் ஐந்தோ ஆறோ மடங்கு வரும் என்று நினைப்போம். வந்தது பதினோரு மடங்கு. உணவா ஊனுண்ணியா என்று பட்டிமன்றம் நடத்துவதில் பயனில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய பரிசோதனை எனக்குத் தெரிந்து இல்லை. பசித்த முயல் தீவனம் தேடி அதிகம் அலைகிறது, அலையும் முயல் எளிதில் மாட்டுகிறது. இரண்டு காரணமும் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன.

வேட்டை விலங்கு கொல்லாமலேயே எண்ணிக்கையைக் குறைக்குமா?

குறைக்கும். பயமே போதும். கனடாவின் மேற்குக் கரைத் தீவுகளில் லியானா சானெட்டும் குழுவினரும் சாங் ஸ்பேரோ என்ற சிட்டுகளின் கூடுகளை வலையாலும் மின்வேலியாலும் முழுக்கப் பாதுகாத்தார்கள். ஒரு குஞ்சைக்கூட எதுவும் தூக்க முடியாது. பிறகு ஒலிபெருக்கியில் சில இடங்களில் பருந்து, காகம், ரக்கூன் போன்றவற்றின் குரலையும், மற்ற இடங்களில் ஆபத்தில்லாத விலங்குகளின் குரலையும் பருவம் முழுக்க ஒலிக்கவிட்டார்கள். எதிரியின் குரல் கேட்ட சிட்டுகள் அந்த ஆண்டு வளர்த்தெடுத்த குஞ்சுகள் 40 சதவீதம் குறைவு. முட்டை குறைந்தது, அடைகாக்க உட்காரும் நேரம் குறைந்தது, இரை கொண்டுவரும் தடவை குறைந்தது. 2011-இல் வெளியான முடிவு இது.

நோய்க்கு இதில் என்ன பங்கு?

நாம் நினைப்பதைவிடப் பெரிய பங்கு. கண்ணுக்குத் தெரியாததால் மதிப்பெண் கிடைப்பதில்லை.

மாட்டு வெக்கை நோய் 1880-களின் இறுதியில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து மாடுகளையும் காட்டுக் குளம்பு விலங்குகளையும் வாரிக்கொண்டு போனது. அதன்பிறகு எழுபது ஆண்டுகள் செரங்கெட்டியின் வில்டபீஸ்ட் கூட்டம் சிறியதாகவே இருந்தது. ஒரு வயதுக் கன்றுகள் ஆண்டுதோறும் நோயில் விழுந்துகொண்டிருந்தன. அந்தச் சிறிய கூட்டத்தைத்தான் எல்லோரும் இயற்கையான அளவு என்று எண்ணியிருந்தார்கள். சுற்றுவட்டாரத்து மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும் காட்டுக்குள் நோய் அற்றுப்போனது. காட்டு விலங்கு ஒன்றுக்குக்கூட ஊசி போடவில்லை. 1960-களின் தொடக்கத்தில் இரண்டரை லட்சம் அளவில் இருந்த வில்டபீஸ்ட் 1977-இல் 13 லட்சத்தைத் தாண்டியது. அங்கே வந்து நின்றது. இப்போது பிடித்து நிறுத்துவது கோடைக்காலப் புல். 1993-இன் வறட்சியில் கூட்டம் சடாரென்று சரிந்தது அதனால்தான். வில்டபீஸ்ட் பெருகியதால் காய்ந்த புல் குறைந்தது, காட்டுத்தீ குறைந்தது, மரக்கன்றுகள் பிழைத்தன. ஒரு வைரஸ் போனதும் நிலத்தின் முகமே மாறிவிட்டது. 2011-இல் அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள்.

ஒட்டுண்ணியும் இப்படித்தான். வட இங்கிலாந்தில் சிவப்பு கிரவுஸ் பறவைகள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பெருகிச் சரியும். பறவைகளைப் பிடித்துக் குடற்புழு மருந்து கொடுத்துவிட்டார்கள். மருந்து கொடுத்த இடங்களில் அந்தச் சரிவு வரவில்லை, அல்லது வெகுவாகத் தணிந்தது. நெருக்கியடித்து வாழும்போது புழு எளிதில் பரவுகிறது, புழு மிகுந்த தாய்ப்பறவை குஞ்சுகளைச் சரியாக வளர்ப்பதில்லை. நெரிசலோடு இறுகும் பிடிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

லெம்மிங்குகள் கூட்டமாகத் தற்கொலை செய்துகொள்கின்றனவாமே?

கட்டுக்கதை. 1958-இல் வந்த ஓர் ஆவணப்படத்தில், வடதுருவப் பகுதியின் சிறு எலி வகையான லெம்மிங்குகளைப் பாறை விளிம்பிலிருந்து தள்ளிவிட்டுப் படம் பிடித்தார்கள், உலகம் நம்பிவிட்டது. பெருகிய ஆண்டுகளில் லெம்மிங்குகள் இடம் தேடிக் கிளம்புவது உண்மை, ஆறு குளத்தை நீந்தும்போது சில மூழ்குவதும் உண்மை. வடகிழக்கு கிரீன்லாந்தில் நான்காண்டுக்கு ஒரு முறை அவற்றைச் சரித்தது ஸ்டோட் என்ற சின்ன ஊனுண்ணி. பனி ஆந்தை, துருவ நரி, ஸ்குவா பறவை மூன்றும் அதற்குத் துணை.

விலங்குகள் தங்கள் எண்ணிக்கையைத் தாங்களே அடக்கிக்கொள்கின்றனவா?

இனத்தின் நன்மைக்காக விலங்குகள் குட்டி பெறுவதைக் குறைத்துக்கொள்கின்றன என்று விலங்கியலாளர் வின்-எட்வர்ட்ஸ் 1962-இல் விரிவாக வாதிட்டார். கேட்க அழகாக இருக்கும். பெரும்பாலான உயிரியலாளர்கள் ஏற்கவில்லை. விட்டுக்கொடுக்கும் விலங்கின் இடத்தை விட்டுக்கொடுக்காத விலங்கின் குட்டிகள் பிடித்துக்கொள்ளும் அல்லவா?

ஆனால் சுயநலமே அடக்கமாக முடிவதுண்டு. ஆக்ஸ்போர்டு அருகே வைதம் காட்டில் ஜான் கிரெப்ஸ் எல்லை வகுத்துக் குடியிருந்த கிரேட் டிட் என்ற சிறு பறவையின் ஜோடிகள் சிலவற்றை அகற்றிப் பார்த்தார். சில நாட்களுக்குள்ளேயே புது ஜோடிகள் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. அவை சுற்றியிருந்த வேலியோரப் புதர்களில் காத்திருந்தவை. அங்கே குஞ்சு பொரித்து வளர்ப்பது சிரமம். காட்டில் எத்தனை ஜோடி என்பதை எல்லைச் சண்டை தீர்மானிக்கிறது, மிஞ்சியவை ஓரத்தில் ஒதுங்குகின்றன. ஓநாய்க் கூட்டங்கள் ஒன்றையொன்று கொல்வதும், புதிதாய் வந்த ஆண் சிங்கம் பழைய குட்டிகளைக் கொல்வதும், மாவு வண்டு நெரிசலில் தன் இனத்து முட்டைகளையே தின்பதும் இதே வரிசை. இனத்துக்காக எதுவும் இதைச் செய்வதில்லை.

மழையும் பனியும் வெயிலும்?

பூச்சிகளில் வானிலையே எல்லாம் என்று ஒரு பெரிய தரப்பு இருந்தது. அடிலெய்டில் ரோஜாப் பூக்களில் வாழும் இலைப்பேன்களைப் பல ஆண்டு எண்ணி, ஏற்ற இறக்கத்தின் பெரும்பகுதியை வெப்பத்தையும் மழையையும் கொண்டே விளக்கினார்கள் டேவிட்சனும் ஆண்ட்ரூவார்த்தாவும். நெரிசலே காரணம் என்ற நிக்கல்சன் தரப்போடு 1950-களில் பெரும் சண்டை.

சண்டைக்கு நல்ல தீர்ப்பு ஸ்காட்லாந்துக்கு அப்பால் உள்ள ஹிர்தா தீவின் சோவே ஆடுகளிடம் இருக்கிறது. ஊனுண்ணி இல்லை, மேய்ப்பவரும் இல்லை. சில குளிர்காலங்களில் பாதிக்கு மேல் செத்துவிழுகின்றன. காற்றும் மழையுமான குளிர்காலத்தில் ஆடு குறைவாக இருந்தால் பெரிய சேதமில்லை. நிறைய இருந்தால் பேரழிவு. ஆடு நிறைய இருந்தும் குளிர்காலம் இதமாக இருந்தால் பிழைத்துக்கொள்கின்றன. வானிலை அடிப்பது எல்லா ஆட்டையும்தான். விழுவது ஏற்கெனவே நெரிசலில் மெலிந்தது.

உச்சியில் இருக்கும் ஊனுண்ணியை எடுத்துவிட்டால் மற்றவை என்ன ஆகும்?

வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் ராபர்ட் பெய்ன் 1963-இல் ஒரு பாறைத் துண்டிலிருந்து காவி நிற நட்சத்திர மீன்களைப் பெயர்த்தெடுத்துக் கடலில் வீசத் தொடங்கினார். திரும்ப வந்தால் மறுபடி வீசினார். நட்சத்திர மீனின் முக்கிய இரை மட்டி. தின்ன ஆளில்லாததால் மட்டி பாறை முழுக்கப் பரவி மற்ற உயிர்களை நெருக்கித் தள்ளியது. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 ஆனது. கொல்பவனை எடுத்தால் கொல்லப்படுபவர்கள் எல்லோரும் வாழ்வார்கள் என்பது சரியல்ல. அவர்களில் வலியவன் மட்டும் வாழ்வான்.

அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் தோலுக்காகக் கடல் நீர்நாய்களை ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள். 1911-இல் ஒப்பந்தம் போட்டு நிறுத்தினார்கள். நீர்நாய் மீண்ட தீவுகளில் கடற்பாசிக் காடு அடர்ந்திருந்தது. மீளாத தீவுகளில் கடல் முள்ளெலிகள் (முள் உருண்டை போன்ற சிறு கடல் உயிர்கள்) பாசியை வேரோடு மேய்ந்து தரையை மொட்டையாக்கியிருந்தன. ஜேம்ஸ் எஸ்டிஸ் 1970-களில் இதைக் காட்டினார். பின்னர் 1990-களில் ஓர்காத் திமிங்கிலங்கள் நீர்நாய்களைத் தின்னத் தொடங்க, அதே காடு மறுபடி மொட்டையாயிற்று.

நடுத்தர ஊனுண்ணிகளையும் மறக்கக்கூடாது. சான் டியேகோ நகரையொட்டிய பள்ளத்தாக்குகளில் கொயோட்டி இல்லாத இடங்களில் வீட்டுப் பூனைகளும் நரிகளும் தாராளமாகத் திரிய, புதர்ப் பறவை இனங்கள் குறைந்திருந்தன. பறவையைக் காப்பாற்றியது கொயோட்டி.

ஆனால் இவ்வகைக் கதைகளைக் கொஞ்சம் நிதானமாக நம்பவேண்டும். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவுக்கு 1995-96-இல் 31 ஓநாய்களைக் கொண்டுவந்தார்கள். எல்க் மான்கள் குறைந்தது உண்மை. அதே காலத்தில் கரடியும் பூமாவும் பெருகின, பூங்காவுக்கு வெளியே மனிதர் சுட்டதும் உண்டு. ஓநாய் வந்து ஆற்றின் போக்கையே மாற்றியது என்பது இணையத்தில் கொடிகட்டிப் பறக்கும் கதை. அங்கே இருபது ஆண்டுப் பரிசோதனை நடத்தியவர்கள், ஓடைக்கரை வில்லோ புதர்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்றே சொல்கிறார்கள். அமெரிக்காவின் கைபாப் பீடபூமியில் ஊனுண்ணிகளைச் சுட்டதால் மான் ஒரு லட்சமாகப் பெருகியது என்ற பாடப்புத்தகக் கதையும் அந்த வகை. அந்த ஒரு லட்சம் ஒரே ஒருவரின் மதிப்பீடு. அதே காலத்தில் அங்கே மேய்ந்த ஆடுமாடுகளையும் பெருமளவு குறைத்திருந்தார்கள்.

வெளியிலிருந்து வந்த இனங்கள் ஏன் தறிகெட்டுப் பெருகுகின்றன?

கடிவாளத்தைச் சொந்த மண்ணிலேயே விட்டுவிட்டு வருவதால். ஆஸ்திரேலியாவில் 1859-இல் வேட்டை விளையாட்டுக்காக விட்ட சில முயல்கள் கண்டம் முழுக்கப் பரவின. 1950-இல் மிக்சோமா வைரஸைப் பரப்பினார்கள். தொடக்கத்தில் தொற்றியவற்றில் 99 சதவீதத்துக்கு மேல் செத்தன. சில ஆண்டுகளிலேயே வைரஸின் வீரியம் குறைந்தது, முயலுக்கும் எதிர்ப்பு வந்தது. தொற்றியதை உடனே கொன்றுவிடும் வைரஸை அடுத்த முயலுக்குக் கொசு கொண்டுபோக நேரம் இருக்காது. மெதுவாகக் கொல்லும் வைரஸே பிழைக்கும்.

பகையைத் தேடிக் கொண்டுவந்து வென்ற கதையும் உண்டு. கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோப்புகளை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பஞ்சுச் செதில் பூச்சி சூறையாடியபோது, 1888-இல் அதன் ஊரிலிருந்தே வெடாலியா என்ற பொறிவண்டைக் கொண்டுவந்தார்கள். ஓரிரு ஆண்டில் தோப்புகள் மீண்டன. பின்னாளில் டிடிடி பூச்சிக்கொல்லி தெளித்து வண்டைக் கொன்றதும் பூச்சி திரும்பி வந்தது. 1935-இல் கரும்பு வண்டுக்காக ஆஸ்திரேலியாவில் இறக்கிய கரும்புத் தேரையோ வண்டைச் சரியாகத் தொடவே இல்லை. நஞ்சுள்ள அந்தத் தேரையைத் தின்று குவால் போன்ற ஊனுண்ணிகள் மடிந்தன. வெடாலியா அந்த ஒரு பூச்சியை நம்பிப் பிழைப்பது, தேரை கிடைத்ததைத் தின்பது. எல்லா வேறுபாடும் அதில் இருக்கிறது.

எண்ணிக்கை மிகவும் குறைந்தால் பிடி தளர்ந்து தானாகவே மீண்டுவிடுமா?

பல நேரம் மீளும், ஓர் எல்லை வரை. அதற்குக் கீழே போனால் கணக்கு தலைகீழாகும்: துணை கிடைக்காது, கூட்டமாக எதிர்க்க முடியாது, கூட்டமாகத் தேட முடியாது. வார்டர் ஆலீ இதை முதலில் தெளிவாகக் காட்டியதால் ஆலீ விளைவு என்கிறார்கள். வட அமெரிக்காவில் பயணிப் புறா கோடிக்கணக்கில் ஒரே காட்டில் கூடுகட்டியது. எத்தனை பருந்து வந்தாலும் தின்று மாளாது என்பதே அதன் பாதுகாப்பு. வேட்டைக்காரர்கள் அந்தக் கூட்டங்களை உடைத்தபின், மிஞ்சிய சிறு கூட்டங்கள் தேறவில்லை. கடைசிப் புறா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சியகத்தில் இறந்தது. நியூபவுண்ட்லாந்து காட் மீனுக்கு 1992-இல் தடை போட்டார்கள். முப்பது ஆண்டு தாண்டியும் பழைய அளவு திரும்பவில்லை.

பெருகிவிட்ட விலங்கைச் சுட்டோ பிடித்தோ குறைத்தால் போதாதா?

சில சமயம் போதும்: சின்னத் தீவு, வெளியிலிருந்து வர வழியில்லை, ஒன்றுவிடாமல் பிடிக்க முடியும் என்றால். மற்ற இடங்களில், இதுவரை சொன்ன எல்லாமே உங்களுக்கு எதிராக வேலை செய்யும். சிலவற்றைக் கொன்றால் மிஞ்சியவற்றுக்குத் தீவனம் கூடும், குட்டி அதிகம் பிழைக்கும், ஓரத்தில் காத்திருந்தவை உள்ளே வரும். மீன்பிடித் தொழில் நடப்பதே இந்த மீட்சியை நம்பித்தான். எண்ணிக்கையைத் தாங்கிப் பிடிப்பது எதுவோ அதைத் தொடாமல் தலைகளை மட்டும் குறைப்பது ஆண்டுதோறும் செய்யவேண்டிய வேலையாகிவிடும்.

இந்தியாவில் பாறு கழுகுகளுக்கு நடந்தது இதை மறுபக்கமிருந்து காட்டுகிறது. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 1990-களில் தொடங்கி 2007-க்குள் வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தது. தின்ன ஆளில்லாத பிணங்கள் தெருநாய்களுக்குப் போயின, நாய்கள் பெருகின. யாரும் நாய்களைக் கொண்டுவந்து விடவில்லை. உணவு மட்டும் கைமாறியது. அந்த மருந்தைக் கால்நடைக்குக் கொடுப்பதை 2006-இல் தடைசெய்தார்கள். பாறு ஆண்டுக்கு ஒரே முட்டை இடுகிறது, நாய் ஆண்டுக்கு இரண்டு ஈற்றுவரை ஈனுகிறது.